குடுமிக்கோழியின் குணம்

கோழியை அறிவிற் குறைந்த பறவையென இகழ்வது உலகவழக்கு. அவ்வாறு இகழப்படும் குலத்தினுள்ளும் கடைசி வரிசையிலே நிறுத்தப்படுவது குடுமிக்கோழி. தலையுச்சியில் இறகுகள் செறிந்து பந்துபோல் உருண்டு நிற்கும் இவ்வினங்களை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்று பலர் வளர்க்கின்றனர். முட்டையோ இறைச்சியோ அவர்களது முதல் நோக்கமன்று. வீட்டு வளவில் உலாவும் செல்லப்பிராணியாகவே அதனைப் பேணுகின்றனர். அதன் இயல்பு யாதென அவர்களை வினவின், சாது, பயந்தது, கொஞ்சம் மந்தம் என மூன்று சொற்கள் வரும். முதலிரண்டையும் பற்றிப் பெரிய விவாதமில்லை. மூன்றாவது சொல் அப்பறவைக்கு உரியதுதானா என்பதே கேள்வி.

சொல்வழக்கைப் பற்றி முதலிற் சிறிது கூறவேண்டியுள்ளது. கொண்டை என்னும் தமிழ்ச்சொல் சேவலின் தலையிலுள்ள செந்நிறத் தசைக்கும் வழங்குகிறது, மயிர்முடிப்புக்கும் வழங்குகிறது. தசையாலான அதனைப் பழந்தமிழர் சூட்டு என்றனர். பூ என்பாரும் உளர். குடுமிக்கோழியைப் பொறுத்தவரையில் தசைக்கொண்டையும் இறகுக்குடுமியும் வேறுவேறு என்பது மாத்திரமன்று. ஒன்று வளர மற்றது குன்றுகிறது. குடுமி பெருத்த இனங்களிலே கொண்டை இரண்டு சிறு கொம்புகளாக ஒடுங்கி, இறகுகளுக்கு முன்னே அரைகுறையாகத் தெரியும். சிலவற்றில் அதுவும் இல்லை. இறகாலானதைக் குடுமியென்றும் தசையாலானதைக் கொண்டையென்றும் பிரித்துக்கொண்டால் மேலே செல்வது எளிது.

குடுமிக்கோழிகளுட் பெயர்பெற்றது போலிஷ் எனப்படும் இனம். பெயரைக் கொண்டு அது போலந்து நாட்டுக்குரியதென முடிவுகட்டுதல் பொருந்தாது. அதனைச் சிறப்பாகப் பேணி வளர்த்தவர்கள் ஒல்லாந்தர். கரிய உடலும் வெண்ணிறக் குடுமியும் கொண்ட வகையை அவர்கள் ஒல்லாந்தக் குடுமிக்கோழி என்றே அழைக்கின்றனர். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமானபோது, அவர்களது தாய்நாட்டிலே மெல்கியோர் டி ஹொண்டகூட்டர் என்னும் ஓவியர் 22 வயது இளைஞராக இருந்தார். பின்னாளிலே செல்வர் மாளிகைச் சுவர்களுக்காக அவர் தீட்டிய பறவை ஓவியங்களில் மயிலுக்கும் வாத்துக்கும் நடுவே குடுமிக்கோழியும் நின்றது. அலங்காரத்துக்கென ஒரு கோழி என்னும் எண்ணம் அக்காலத்திலேயே வேரூன்றிவிட்டது என்பதற்கு அவ்வோவியங்கள் சான்று. குடுமியோ அதனிலும் பழையது. இங்கிலாந்தில் ஊலி என்னுமிடத்திலே உரோமர் காலப் படையிலிருந்து கிடைத்த கோழி மண்டையோடொன்றிற் குடுமியினத்துக்கே உரிய மேடு காணப்பட்டமை 1979இல் அறிவிக்கப்பட்டது. பிரான்சின் ஊடான், கிரேவ்கேர் ஆகியனவும், 1854இற் கொன்ஸ்தாந்திநோபிளிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த சுல்தான் இனமும் இக்கூட்டத்தைச் சேர்ந்தனவே.

மந்தம் என்னும் பழிக்கு மிகப் புகழ்பெற்ற சாட்சி சாள்ஸ் டார்வின். வளர்ப்பு விலங்குகளிலும் தாவரங்களிலும் தோன்றும் மாறுபாடுகளைப் பற்றி 1868இல் அவர் வெளியிட்ட பெருநூலிலே, தம்மிடமிருந்த குடுமிப்பேடு ஒன்றைப்பற்றிச் சில வரிகள் எழுதியுள்ளார். அது தனித்திரிவது. ஆழ்ந்த யோசனையில் மூழ்கியதுபோல நிற்கும்; அருகிற் சென்று தொட்டாலும் அறியாது. அதனினும் வியப்பானது அதற்கு வழி தெரியாமைதான். தீனி வைக்கும் இடத்திலிருந்து நூறு யார் விலகிவிட்டால் முற்றாக வழிதவறிவிடும். பின்னர் பிழையான திசையிலேயே பிடிவாதமாக நடக்க முயலும். இத்தகைய கோழிகள் அரைப்பைத்தியம் போல நடந்துகொள்வதாகப் பிறரிடமிருந்தும் தமக்குச் செய்திகள் கிடைத்தன என்கிறார்.

டார்வின் வெறுங்கதை எழுதுபவரல்லர். அவர் இதனைக் கூறிய இடம் மண்டையோட்டைப் பற்றிய ஆராய்ச்சியாகும். கோழி வளர்ப்பிற் புலமைபெற்ற ரெகெற்மையர் என்பார் 1856இல் குடுமிக்கோழிகளின் மண்டையோடுகளை ஆராய்ந்து இலண்டன் விலங்கியற் கழகத்தின் முன் தம் முடிவுகளை வைத்தார். சாதாரணக் கோழியின் நெற்றியெலும்பு தட்டையானது. குடுமிக்கோழியிலோ அது குமிழ்போல மேலெழுந்து நிற்கிறது. பல பறவைகளில் அக்குமிழ் முழுமையாக எலும்பாவதில்லை, துவாரங்கள் விழுந்த சல்லடைபோல் இருக்கிறது. மூளையின் ஒரு பகுதி அக்குமிழினுள்ளே பிதுங்கி ஏறியிருக்கும். இறகுக்குடுமி நிற்பது இம்மேட்டின்மீதுதான். மூளையின் வடிவமே மாறியிருக்க அறிவும் மாறியிருக்கும் என எண்ணுவது இயல்பே. இன்றைய பிறப்புரிமையியலும் இவ்விரண்டுக்குமுள்ள தொடர்பைக் கைவிடவில்லை. உடலின் எப்பகுதியில் எவ்வுறுப்பு அமையவேண்டுமென்பதை நெறிப்படுத்தும் பரம்பரையலகுத் தொகுதியொன்று, தான் இயங்கவேண்டாத தலைத்தோலில் இயங்குவதோடு குடுமி தொடர்புற்றிருப்பதாக 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஆயினும் டார்வினின் சாட்சியத்தை மீண்டுமொருமுறை படிப்பது தகும். அருகிற் செல்வோரை அறியவில்லை, தொடும்வரை அசையவில்லை, சிறிது தூரம் விலகினால் வீடு தெரியவில்லை, ஒரே திசையிலே நடந்தது. இவை அறிவில்லாத பிராணியின் செயல்களா, கண் தெரியாத பிராணியின் செயல்களா? செக்கு மாட்டின் கண்ணைக் கட்டிவிடுவோர், அது வழிதெரியாத மாடென்று கூறுவதில்லை. கட்டியவர் தாமே என்பது அவர்களுக்குத் தெரியும். குடுமிக்கோழியின் கண்கட்டு அதன் தலையிலேயே முளைக்கிறது. பல தலைமுறைகளாக மனிதர் தெரிந்தெடுத்துப் பெருப்பித்தது அது. தெரிந்தெடுத்த கை கண்ணிற் படாமையால் பழி பறவைமீதே விழுகிறது.

கோழிக்குக் கண் எத்துணை இன்றியமையாதது என்பதை எண்ணவேண்டும். அதன் கண்கள் தலையின் இருபுறத்தும் அமைந்தவை. தலையைத் திருப்பாமலேயே முன்னும் பக்கமும் மேலும் பெரும்பகுதியை அது காண்கிறது. மனிதர் காணாத புறவூதா ஒளியும் அதற்குப் புலனாகும். இரு கண்களும் ஒரே வேலையைச் செய்வதுமில்லை. கூழாங்கற்களுக்கிடையே தானியத்தைப் பிரித்தெடுக்கக் குஞ்சு பெரும்பாலும் வலக்கண்ணைப் பயன்படுத்துகிறது. வானிலே வட்டமிடும் நிழலை இடக்கண்ணால் நோக்குகிறது. கோழி தலையைச் சாய்த்து ஒற்றைக்கண்ணால் ஆகாயத்தைப் பார்க்கும் காட்சியை முற்றத்திலே கண்டிராதார் இலர். முழுக்குடுமி வளர்ந்த போலிஷ் பேட்டுக்கு அந்த ஆகாயம் இல்லை. பக்கங்களும் இல்லை. அலகின் முன்னே ஒரு சாண் நிலம் மாத்திரம் உண்டு. நம் காடுகளிலே திரியும் இலங்கைக் காட்டுக்கோழி சருகு அசைந்தாலே புதருள் மறைந்துவிடும். அதனையும் பயந்த பறவை என்கிறோம். அந்த அச்சம் பார்த்து அஞ்சும் அச்சம். குடுமிக்கோழியின் அச்சம் பாராமல் அஞ்சுவது. இவ்விரண்டையும் ஒரே சொல்லாற் குறிப்பது பொருந்தாது.

வளர்ப்போர் கூறும் சிறு சிறு செய்திகள் இக்கருத்துக்கு வலுவூட்டுகின்றன. போலிஷ் கோழி திடீரென எழும்பிப் பதறிச் சுவரிலே மோதுவது, பெரும்பாலும் யாரேனும் ஓசையின்றிப் பின்புறமாகவோ மேலிருந்தோ கை நீட்டியபொழுது. அதே கோழி, கூப்பிட்டுக்கொண்டே வருபவரின் குரல் கேட்டு நின்றவிடத்தில் நிற்கும். கையிலெடுத்தால் அடங்கி மடியில் உறங்கும். குரல் அதற்குக் கண். கோழிக்கூட்டத்திலே ஆகாயத்து ஆபத்துக்கு ஒரு குரலும் நிலத்து ஆபத்துக்கு வேறொரு குரலும் உண்டென்பதை 1980களிலும் 1990களிலும் நடந்த ஆய்வுகள் நிறுவின. பருந்தைக் கண்ட சேவல் எழுப்பும் மெல்லிய நீண்ட ஒலியும், நரியையோ நாயையோ கண்டு கொக்கரிக்கும் ஒலியும் ஒன்றல்ல. தானே காணமுடியாத குடுமிப்பேடு, கண்ட பிறரின் குரலைக் கேட்டே பதுங்குகிறது. ஆகவே குடுமிக்கோழிகளை மாத்திரம் தனியே திறந்தவெளியில் விடுவது ஆபத்தானது; காவற்குரல் கொடுக்கக் கண் தெரிந்தவர் அங்கு எவருமில்லை.

எனினும் கண் தெரிந்த துணையிலும் ஒரு சிக்கலுண்டு. கோழிக்கூட்டத்திலே யார் யாரைக் கொத்தலாம் என்னும் படிவரிசை நிலவுவதை நோர்வே நாட்டு ஷெல்டெரூப்-எப்பே 1920களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். இவ்வரிசை முகமறிவையும் பார்வையையும் நம்பியது. உயர்ந்தவள் தலை நிமிர்த்தி ஓரடி வைத்தாலே தாழ்ந்தவள் விலகிவிடுவாள். அவ்வாறு விலகினால் கொத்து விழாது. குடுமிப்பேட்டுக்கு அந்த எச்சரிக்கை தெரிவதில்லை. விலகாத அதன் செயல் துடுக்காகக் கொள்ளப்படுகிறது, கொத்து விழுகிறது. கொத்துவதற்கு எளிதாக அகப்படுவதும் அக்குடுமியே. இறகு பிடுங்கப்பட்டுத் தோலில் இரத்தம் கண்டுவிட்டால், சிவப்பை நாடும் ஏனைய கோழிகள் விடுவதில்லை. நாளடைவில் அப்பேடு மூலையிலே ஒதுங்கி, பிறர் தின்று முடித்தபின் எஞ்சியதைத் தின்னப் பழகிவிடுகிறது. அதைக் கண்டு சாது என்கிறோம்! அச்சொல்லும் சிறிது ஐயத்துக்குரியதே. ஆனால் தன்னையொத்த அமைதியான இனங்களோடு சேர்த்து வளர்க்கும்போதும் அது சண்டையை நாடுவதில்லை என்பதால், அந்த நற்பெயரை முழுதும் பறித்துவிடவும் இயலாது.

பராமரிப்பென்று கூறப்படுவன யாவும் ஏறக்குறைய இந்த ஒற்றைக் குறையைச் சுற்றியே அமைகின்றன. தீனியும் நீரும் நாளும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும்; இடத்தை மாற்றுவது கண்ணற்றவர் வீட்டிலே தளபாடத்தை நகர்த்துவதற்குச் சமம். நீர்க்கலம் ஒடுங்கிய வாயுடையதாதல் வேண்டும். அகன்ற தட்டிலே நீர் வைத்தால் குனியுந்தோறும் குடுமி தோயும். தோய்ந்த குடுமியில் தூளும் தீனியும் ஒட்டும். அழுக்கு கண்ணிலே வடிந்து கண்நோய் வரும். மழையிலே நனைவதும் இவ்வாறே. ஒல்லாந்து, இங்கிலாந்து போன்ற நாடுகளிலே குளிர்காலத்தில் நனைந்த குடுமி உறைந்துவிடுதலும் உண்டு. ஆதலால் கூரையிட்ட உலாவிடமும் காய்ந்த தரையும் இதற்கு ஆடம்பரமல்ல, அடிப்படைத் தேவை. உறங்கும் குறுக்குத்தடி தாழ்வாக இருத்தல் நன்று. குடுமியினடியிலே பேனும் சிற்றுண்ணியும் ஒளிந்து பெருகும். கோழி தன் அலகால் உடலெங்கும் கோதித் துப்புரவு செய்யலாம், தன் தலையைக் கோத முடியாது. எனவே வாரமொருமுறையாவது இறகுகளை விரல்களால் விலக்கித் தோலையும் கண்ணோரத்தையும் பார்ப்பது வளர்ப்போனின் கடமையாகிறது. இவ்வாறு பார்க்கப்படும் கோழி கைக்குப் பழகிவிடுகிறது. மடியிலே உறங்கும் கோழியென இவ்வினம் பெற்ற புகழுக்கு இந்த வாராந்தப் பரிசோதனையும் ஒரு காரணமாகலாம்.

குஞ்சுப் பருவத்திற் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். குடுமியினக் குஞ்சு பொரித்த நாளிலேயே தலையில் ஒரு குமிழோடு வரும், காண்பதற்கு வேடிக்கையானது. அக்குமிழின் கீழே எலும்பு மூடியிராமையால், பக்கத்துக் குஞ்சின் ஒரு கொத்தும் உயிரைப் போக்கவல்லது. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்னும் நம் பழமொழி இவ்வினத்துக்குச் செல்லாது போலும். குடுமியற்ற இனங்களின் குஞ்சுகளோடு கலவாது பிரித்து வளர்ப்பதே பாதுகாப்பு. போலிஷ் பேடுகள் பொதுவாக அடைகிடப்பதில்லை. முட்டையிட்டுவிட்டு எழுந்து போய்விடும். அவற்றின் முட்டைகளை அடைகாக்கச் சில்க்கி என்னும் பட்டிழைக்கோழியை நாடுவோருண்டு. அதுவும் சிறு குடுமியுடையதே. இறகின் நுண்கொளுவிகள் இணையாமையால் அதன் போர்வை மயிர்போலப் பிரிந்து தொங்கும். பறக்கவியலாது, மழையைத் தாங்கவியலாது. ஆனால் அடைகிடப்பதில் அதற்கு இணையில்லை. வாத்து முட்டையாயினும் 21 நாளென்று கணக்குப் பார்க்காமல் கூடுதலான ஒரு வாரமும் கிடக்கும். அதனையும் மந்தம் என்பார் உளர், அக்கூற்று ஏற்கத்தக்கதன்று.

இனி, எதிர்வாதத்தையும் கேட்கவேண்டும். எல்லாம் கண்ணால் வந்ததே எனக் கூறின் அது மிகைக்கூற்றாகிவிடும். மூளை பிதுங்கியிருப்பது உண்மை. கடுமையான நிலையிலே கழுத்துத் திருகி, நடை தள்ளாடும் பறவைகளும் உண்டு. அவற்றுக்குக் கத்தரிக்கோல் மருந்தாகாது. சுவிற்சர்லாந்தின் அப்பென்செல்லர் என்னும் குடுமியினம் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அப்பகுதிப் பெண்கள் விழாக்காலத்தில் அணியும் சரிகைத் தொப்பியின் பெயரே அதன் குடுமிக்கு இடப்பட்டது. அக்குடுமி குறுகியது, முன்னோக்கிச் சாய்ந்தது, கண்ணை மறைப்பதில்லை. அக்கோழி மலைச்சரிவுகளில் ஓடித்திரியும், மரமேறி உறங்க விரும்பும், பிடிப்பது எளிதன்று. எவரும் அதனை மந்தமென்று கூறக் கேட்டதில்லை. கண்மறைப்பே காரணமென்பதற்கு இதனினும் நல்ல சாட்சி வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அதன் மண்டை மேடும் சிறிதே ஆதலால், இச்சாட்சி இரு பக்கத்துக்கும் பேசக்கூடியது என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

தெளிவான சாட்சி ஒன்று வேண்டுமாயின், ஒரே பறவையைக் குடுமியோடும் குடுமி குறைத்தும் பார்ப்பதே வழி. இதனைச் செய்தோர் பலர். அவர்கள் விஞ்ஞானிகளல்லர், வளவிலே நாலைந்து கோழி வைத்திருப்போர். கண்ணின் முன்னும் பக்கமும் விழும் இறகுகளை மாத்திரம் நுனி வட்டமான கத்தரிக்கோலாற் குறைப்பர். குருத்திறகிலே இரத்தம் ஓடுவதால் அதனை வெட்டலாகாது; முற்றிய இறகுக்கு நகத்தைப்போல நோவில்லை. வெட்ட மனமில்லாதோர் மென்மையான நாடாவினால் மேலே தூக்கிக் கட்டுவர். அதன்பின் நிகழ்வதைப் பற்றி அவர்கள் கூறுவன ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. முதல் நாழிகையிலே அக்கோழி அசையாது நின்று சுற்றுமுற்றும் பார்க்கும். பின்னர் தலையைச் சாய்த்து வானத்தைப் பார்க்கும். சில நாட்களில் தீனிக்கு முந்தி வரும், கொத்துக்கு முன்னே விலகும், மாலையிலே யாரும் தூக்கிவிடாமல் தானாகக் கூடு திரும்பும். சில பறவைகள் அதுவரை இருந்த சாதுத்தன்மையை இழந்து, தூக்க வந்தால் ஓடவும் செய்கின்றன. செல்லப்பிராணி கைநழுவுகிறதே என்று வருந்துவோர்க்கு அது ஒரு நட்டமாகத் தோன்றக்கூடும். மனிதர் மெச்சிய அமைதியில் ஒரு பங்கு குருட்டுத்தனத்தின் கூலி என்பதை ஏற்பது எளிதல்ல.

கண்காட்சிக்கு வளர்ப்போரின் நிலை வேறு. போலிஷ் இனம் 1874இல் வெளியான அமெரிக்கக் கோழியின அளவுநூலின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றது. அத்தகைய நூல்கள் குடுமி பெரிதாகவும் உருண்டையாகவும் ஒழுங்காகவும் இருக்கவேண்டுமென விதிக்கின்றன. கத்தரி பட்ட குடுமிக்குப் பரிசு கிடையாது. எனவே இலையுதிர்காலத்தில் இறகுதிர்ந்து புதுக்குடுமி முளைத்த நாள் முதல், அப்பறவைகள் மழையும் தூசியும் படாத தனிக்கூடுகளில் வைக்கப்படுகின்றன. குடுமி கழுவி உலர்த்தப்படுகிறது. மேசையின்மீது நடுவர் நிறுத்திப் பார்க்கையில் அவை அசையாமல் நிற்கும். அடக்கமான பறவையென்று அதற்கும் பாராட்டுக் கிடைப்பதுண்டு.

ஆனால் கண்காட்சிப் பருவம் முடிந்து இனப்பெருக்கக் காலம் தொடங்கியதும், அவ்வளர்ப்போருட் பலரும் கத்தரிக்கோலை எடுக்கின்றனர். முகத்தின்மேல் மயிர்போல வழியும் குடுமியுடைய சேவலுக்குப் பேடு நிற்குமிடம் தெரிவதில்லை. பேட்டுக்குச் சேவல் வருவது தெரியாமல் அது மிரண்டு ஓடுகிறது. முட்டைகள் கருக்கொள்ளாமற் போகின்றன. அடுத்த தலைமுறையிலும் கண்ணை மறைக்கும் அழகிய குடுமி வேண்டுமென்பதற்காக, இத்தலைமுறையின் குடுமியைக் கண் தெரியுமளவுக்கு வெட்டிவிடுகின்றனர். பேடும் சேவலும் அந்த ஒரு பருவத்துக்கு ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன.